தும்மலுக்கு வயிற்றில் மருந்து உண்டா?

சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்தில் நுழையும் நாளைத் தெலுங்கு மக்கள் மிருகசிர கார்த்தி என்பார்கள். ஜூன் 8-ஐ ஒட்டி வரும். அன்று மீன் சாப்பிட்டால் நோய் அண்டாது என்று தெலங்கானாவில் நம்பிக்கை உண்டு. ஐதராபாத்தின் முஷீராபாத் மீன் சந்தையில் விடியற்காலையிலேயே நிற்க இடம் இருக்காது. அதே நேரத்தில் நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்தில் வேறொரு கூட்டம் வரிசையில் நிற்கும். இவர்கள் மீனைச் சமைப்பதில்லை. விரல் நீள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிறப் பசையை உருட்டி அடைத்து, உயிரோடு அப்படியே விழுங்குகிறார்கள். மூச்சிரைப்புக்கு மருந்து அது.

பழைய நகரத்தின் தூத் பவுளியைச் சேர்ந்த பத்தினி கவுட் குடும்பத்தார் தலைமுறைகளாக இதைக் கொடுத்துவருகிறார்கள். 1845-இல் ஒரு சாது தங்கள் முன்னோர் வீரண்ண கவுடுக்கு இந்த மூலிகைக் கலவையைச் சொல்லித் தந்ததாகவும், இலவசமாகத்தான் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டதாகவும் குடும்பத்தில் சொல்கிறார்கள். இன்றும் கலவைக்குக் காசு கிடையாது, மீனுக்கு மட்டும்தான். அதற்கு மீன்வளத் துறையே கவுண்டர் திறக்கிறது. மீன் தொடாதவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவார்கள். விழுங்கிய பின் 45 நாள் பத்தியம். கொரோனாவால் நின்றுபோயிருந்த விநியோகம் 2023 ஜூனில் மீண்டும் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திவந்த ஹரிநாத் கவுட் அதே ஆண்டு காலமானார். ஜன விஞ்ஞான வேதிகை போன்ற அறிவியல் பரப்பும் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்து, விவகாரம் நீதிமன்றம்வரை போனதில் ஒன்று மட்டும் மாறியது: ‘மீன் மருந்து’ இப்போது ‘மீன் பிரசாதம்’. மருந்து என்றால் கணக்குச் சொல்ல வேண்டும். பிரசாதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

மீன் துள்ளிக்கொண்டே இறங்கும்போது தொண்டையில் அடைத்திருக்கும் கபத்தை வாரிக்கொண்டு போகிறது என்பது கொடுப்பவர்கள் சொல்லும் விளக்கம். உடற்கூறு இதற்கு இடம் தரவில்லை. தொண்டைக்குக் கீழே மூச்சுக் குழாயும் உணவுக் குழாயும் தனித்தனி. ஆஸ்துமாவில் இறுகுவது நுரையீரலுக்குள் கிளைத்துச் செல்லும் மெல்லிய குழல்கள். மீன் போய்ச் சேர்வது இரைப்பைக்கு. தப்பித்தவறி மூச்சுக் குழாய்க்குள் போனால் அது வைத்தியம் ஆகாது, விபத்து.

அப்படியானால் குணமாயிற்று என்று சொல்லும் ஆயிரக்கணக்கானோர் பொய்யா சொல்கிறார்கள்? அப்படி நினைக்கத் தேவையில்லை. பருவத்தோடு வரும் நோய் பருவத்தோடு போகும். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் வைத்தியம் தேடிப் புறப்படுகிறான். உச்சத்துக்குப் பின் எது செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும், தணிவுதான். அதிலும் நாள் குறித்துக் கொடுக்கும் மருந்தை மதிப்பிடுவது ரொம்பக் கஷ்டம். மழை வந்து புழுதி அடங்கியதால் மூச்சு சீரானதா, பசையால் சீரானதா என்று விழுங்கியவருக்குத் தெரிய வழியில்லை. அதே நாளில் அதே மைதானத்தில் பாதிப் பேருக்கு வெறும் மஞ்சள் மாவை அடைத்த மீனைக் கொடுத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் வைத்து, ஓராண்டு பின்தொடர்ந்தால் தெரிந்துவிடும். பிரசாதத்தை அப்படிச் சோதிக்க யாரும் ஒப்பமாட்டார்கள்.

ஆனாலும் அந்த வரிசையில் நிற்பவர்களின் அடிப்படை எண்ணத்தை, அதாவது மூக்கிலும் மார்பிலும் வரும் ஒவ்வாமைக்கு வழி வயிற்றில் இருக்கிறது என்பதை, சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. கடந்த முப்பது நாற்பது ஆண்டு நோயெதிர்ப்பியல் ஏறக்குறைய அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. வந்து சேர்ந்த பாதைதான் வேறு.

முதலில் தும்மல் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். ஐதராபாத்தில் மழை பெய்து ஓய்ந்ததும் காலி மனைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் வெள்ளைப் பூவோடு இடுப்பளவு செழிக்கும் களை பார்த்தீனியம். தெலுங்கில் அதற்கு ‘வய்யாரி பாமா’ என்று சிங்காரமான பெயர். 1950-களின் நடுவில் புணே பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. பெங்களூரில் நடந்த பழைய ஆய்வொன்றில், மூக்கு ஒவ்வாமை நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதன் மகரந்தம் தோல் சோதனையில் தடிப்பை உண்டாக்கியது. இதோடு சீமைக் கருவேலம், புல் வகைகள், மழைக்காலச் சுவர்ப் பூஞ்சை, மெத்தைக்குள் குடியிருக்கும் தூசிப் பூச்சி எல்லாம் சேரும். சாலை நடுவே வரிசையாக நட்ட கோனோகார்பஸ் மரங்களின் மேலும் பழி விழுந்து, தெலங்கானாவில் இனி நடவேண்டாம் என்று முடிவாயிற்று. குஜராத் 2023-இல் தடையே போட்டது. ஆனால் பார்த்தீனியத்துக்கு எதிராக இருக்கும் அளவு சான்று கோனோகார்பஸுக்கு எதிராக இல்லை. களை பிடுங்குவதைவிட மரம் வெட்டுவது செய்தியில் நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தும்மலுக்குக் காரணம் மகரந்தத்தில் உள்ள விஷம் அல்ல. அதிலுள்ள ஒரு புரதத்தை உடல் எதிரி என்று தவறாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. குறித்துவைப்பது ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதம். 1960-களின் பின்பாதியில் ஜப்பானியத் தம்பதியான இஷிசாகாக்கள் அமெரிக்காவிலும், இன்னொரு குழு சுவீடனிலும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். மூக்கின் சவ்விலும் கண்ணிமையின் உட்புறத்திலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஐஜிஇ ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த பருவத்தில் அதே மகரந்தம் வந்து தொட்டதும் மாஸ்ட் செல் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். நீர் ஒழுகல், அரிப்பு, அடுக்குத் தும்மல் எல்லாம் அதன் வேலை. நாம் விழுங்கும் செட்ரிசின் இந்த ஹிஸ்டமினின் பிடியைத் தடுக்கிறதே தவிர, தவறான குறிப்பை அழிப்பதில்லை. அதனால்தான் ஆண்டுதோறும் மாத்திரை.

குறிப்பை அழிக்க முடியுமா, அல்லது எழுதவே விடாமல் தடுக்க முடியுமா என்ற கேள்விதான் வயிற்றுக்குக் கொண்டுபோகிறது. யோசித்துப் பார்த்தால் நம் குடல் தினமும் செய்வது ஓர் அதிசயம். துவரம் பருப்பு, கோங்குரா, ஆட்டிறைச்சி, தயிர் என்று அந்நியப் புரதம் ஆண்டுக்குக் கிலோக் கணக்கில் உள்ளே போகிறது. அதைத் தடுத்து நிற்கும் குடல் சுவரோ ஒரே ஒரு செல் தடிமன். அதன் மறுபக்கத்தில்தான் நோயெதிர்ப்புச் செல்கள் பெரும்படையாக முகாமிட்டிருக்கின்றன. இருந்தும் சண்டை வருவதில்லை. 1911-இல் அமெரிக்காவில் கிடியன் வெல்ஸும் தாமஸ் ஆஸ்பார்னும் கினிப் பன்றிகளிடம் இதைக் கண்டார்கள்: சோளப் புரதத்தைத் தின்று வளர்ந்த கினிப் பன்றிகளுக்கு அதே புரதத்தை ஊசியில் ஏற்றினால் ஒவ்வாமை அதிர்ச்சி வருவதில்லை; தின்னாதவற்றுக்கு வந்தது. வாய் வழியாகப் பழகிய பொருளை உடல் பொறுத்துக்கொள்கிறது.

பொறுத்துக்கொள்ளச் செய்வது யார் என்பது வெகு காலம் புதிராக இருந்தது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்னும் தனிப்பிரிவு இருக்கிறது, அவை மற்ற செல்களை அடக்கிவைக்கின்றன என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் காட்டினார். இந்தச் செல்களுக்கு ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரின் வேலை வழிவகுத்தது. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் சாப்பாடு கதைக்குள் வருகிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இந்த பியூட்டிரேட் பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குகிறது என்று 2013-இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் எலிகளில் கண்டன. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: நார் நிறையத் தின்ற எலிகளுக்குத் தூசிப் பூச்சியை முகரவைத்தபோது நுரையீரல் அழற்சி குறைவாக இருந்தது. வயிற்றில் போட்டது மார்பில் தெரிந்தது.

இதைக் கேட்டதும் துள்ளிக் குதித்து இசப்கோல் டப்பா வாங்க ஓட வேண்டாம். எலிகள் ஒரே மரபணுவோடு, ஒரே கூண்டில், ஒரே தீவனத்தில் வளர்பவை. மனிதர்களிடம் கிடைத்த மிகத் தெளிவான சான்றுகள் எல்லாம் குழந்தைப் பருவத்தைப் பற்றியவை. 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரிட்டிஷ் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்த டேவிட் ஸ்ட்ராக்கன், மூத்த உடன்பிறப்புகள் அதிகம் உள்ள பிள்ளைக்கு மகரந்த ஒவ்வாமை குறைவு என்று 1989-இல் எழுதினார். அண்ணன் அக்காக்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் கிருமிகள் தம்பியைக் காக்கின்றனவோ என்று அவருக்கு ஐயம். பிறகு 2016-இல் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் சமூகங்களை ஒப்பிட்டார்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்த விவசாயச் சமூகங்கள், மரபணுவிலும் நெருக்கம். ஆனால் ஆமிஷ் பிள்ளைகளில் 5.2 விழுக்காட்டினருக்கும், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 விழுக்காட்டினருக்கும் ஆஸ்துமா. வித்தியாசம் மாடுதான். ஆமிஷ் வீடுகளில் தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கிறது, வேலை குதிரையைக் கொண்டு. ஹட்டரைட்டுகளுடையது பெரிய இயந்திரப் பண்ணை, பிள்ளைகள் அதற்குத் தள்ளி வளர்கிறார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசியை எலியின் மூக்கில் இட்டபோது எலிக்கு ஆஸ்துமா தடுக்கப்பட்டது. கவனியுங்கள், இங்கே தூசி போனது மூக்கு வழியாக. எல்லாப் புகழும் குடலுக்கே என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஐதராபாத்துக்குத் திரும்பினால், இந்த விஷயத்தில் மீனைவிடப் பெரிய கேள்வி ஒன்று காத்திருக்கிறது. 2019-20-இல் தெலங்கானாவில் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அந்த மாநிலத்தில் 60.7 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நடந்தன. அப்போது நாட்டிலேயே மிக அதிகம் அதுதான். தமிழ்நாடு 44.9 விழுக்காட்டோடு பின்னாலேயே வந்தது. இயல்பாகப் பிறக்கும் குழந்தை தாயின் பிறப்புப் பாதையிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்களை முதல் நாளே பெறுகிறது. வயிற்றைக் கிழித்து எடுக்கும் குழந்தைக்கு முதலில் ஒட்டுவது தோலிலும் பிரசவ அறையிலும் இருப்பவை. டென்மார்க்கில் 700 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த குழு 2020-இல் வெளியிட்ட முடிவு இதில் முக்கியமானது. அறுவை சிகிச்சையில் பிறந்து, ஒரு வயதிலும் குடல் பாக்டீரியாக்கள் அந்த ஆரம்ப நிலையிலேயே தங்கிவிட்ட குழந்தைகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா அபாயம் கூடுதல். ஓராண்டுக்குள் குடல் பாக்டீரியாக்கள் வயதுக்கேற்ப முதிர்ந்த குழந்தைகளுக்கு அந்த அபாயம் இல்லை. அதாவது பிறப்பிலேயே எல்லாம் முடிந்துபோவதில்லை. முதல் ஓராண்டு கையில் இருக்கிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் இருக்கின்றன. அவை பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான தீனி. இப்போதைக்கு நம் கையிலுள்ள நம்பகமான ‘இயற்கை வழி’ எது என்று கேட்டால் தாய்ப்பாலும், தேவையில்லாத ஆண்டிபயாட்டிக்கைக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பதும்தான் என்பேன். தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்றால் அறுவை சிகிச்சை வேண்டியதுதான். பத்தில் ஆறு பேருக்கு ஆபத்து இருந்ததா என்பதே கேள்வி.

வளர்ந்தவர்களிடமும் ஆண்டிபயாட்டிக் கதை இருக்கிறது. பருவம் மாறியதும் மூக்கொழுகலோடு மருந்துக் கடைக்குப் போய் ‘ஜலுபு’ (சளி) என்று சொன்னால், சீட்டு இல்லாமலே அசித்ரோமைசின் அட்டை கைக்கு வருவது ஐதராபாத்தில் மட்டும் நடப்பதல்ல. 2019-இல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகமாக விற்ற ஆண்டிபயாட்டிக் 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் மாத்திரைதான் என்று 2022-இல் ஓர் ஆய்வு சொன்னது. மகரந்தத்துக்கு எதிராக அந்த மாத்திரையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. குடலில் இருப்பவற்றை மட்டும் கலைத்துவிட்டுப் போகும். பிறகு அதைச் சரிசெய்ய அதே கடையில் புரோபயாட்டிக் கேப்சூல் வாங்குகிறோம்.

அந்தக் கேப்சூல் வேலை செய்கிறதா? ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பருவ ஒவ்வாமை உள்ள 173 பேரை வைத்து, குறிப்பிட்ட மூன்று வகை பாக்டீரியாக்களைக் கொண்ட கேப்சூலை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: மூக்கு, கண் தொல்லைகளால் அன்றாட வாழ்க்கை கெடுவது ஓரளவு குறைந்தது, ரத்தத்தில் ஐஜிஇ அளவு மாறவில்லை. அதாவது எரிச்சல் தணிந்தது, தவறான குறிப்பு அப்படியே இருந்தது. அந்த மூன்று பாக்டீரியாக்களுக்குக் கிடைத்த முடிவைக் கடையிலிருக்கும் வேறு கேப்சூலுக்குப் பொருத்த முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளூர்த் தேன் விஷயம் இன்னும் சுருக்கம். கனெக்டிகட்டில் டி.வி.ராஜன் குழுவினர் 36 பேரை மூன்றாகப் பிரித்து, சிலருக்கு உள்ளூர்த் தேன், சிலருக்குக் கடைத் தேன், சிலருக்குத் தேன் வாசனையிட்ட சோளப் பாகு கொடுத்தார்கள். வேறுபாடே இல்லை என்று 2002-இல் எழுதினார்கள். காரணம் எளிது: தேனீ தேடிப் போவது நிறமும் மணமும் உள்ள பூக்களை, நம் மூக்கை வதைப்பது பெரும்பாலும் காற்றில் பறக்கும் மகரந்தம். புழுக்களையும் விட்டுவைக்கவில்லை. ஐஜிஇ ஆதியில் குடற்புழுக்களோடு போராடத் தோன்றியது என்பதால், புழு இருந்தால் அது மகரந்தத்தின் பக்கம் திரும்பாதோ என்று டென்மார்க்கில் 100 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்குப் பன்றிச் சாட்டைப்புழு முட்டைகளைக் குடிக்கக் கொடுத்தார்கள். 2010-இல் வந்த முடிவு: ஒவ்வாமை குறையவில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

தட்டில் வைப்பதைப் பற்றிச் சொல்ல ஐதராபாத்துக்கு உரிமை உண்டு. தார்னாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் குன்னூரில் பிறந்தது. 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் அங்கே பெரிபெரி ஆய்வாகத் தொடங்கியது 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. சத்துக்குறைவான உணவு முதலில் கெடுப்பது குடலை என்று குன்னூர்க் குரங்குகளிடம் கண்டு, 1921-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வரை போய்ப் பேசியவர் அவர். பாக்டீரியாக்களின் மரபணுவைப் படிக்கக் கருவி இல்லாத காலம். அதே நிறுவனம் 2024-இல் புதுப்பித்த வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்குக் காய்கறி மட்டும் 400 கிராம், தானியம் 250 கிராம். பெரும்பாலான வீடுகளில், பிரியாணித் தட்டில் கேட்கவே வேண்டாம், கணக்கு தலைகீழ். ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து 2021-இல் செய்த சிறு சோதனையில், பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளைக் கூட்டிச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. தெலங்கானாவின் ஜொன்ன அம்பலியும் சத்தன்னமும், அதாவது நம் கூழும் பழைய சோறும், இந்த வரிசையில் வரக்கூடியவை. பழைய சோற்றைப் பற்றிச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை தொடங்கிய ஆய்வு குடல் அழற்சி நோய்க்கானது. தும்மலுக்கு அதைச் சான்றாகக் காட்டக்கூடாது. இவற்றைச் சாப்பிட நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன. அடுத்த மழைக்குப் பிறகு பார்த்தீனியம் பூக்கும்போது மூக்கு ஒழுகாது என்ற உறுதிமொழி மட்டும் அவற்றில் சேராது.

அந்த உறுதிமொழிக்கு மிக அருகில் வரும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. அதுவும் வாய் வழியேதான். கினிப் பன்றிகள் சோளம் தின்ற அதே 1911-இல், லண்டனில் லியோனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி ஒவ்வாமையைத் தணிக்கலாம் என்று காட்டினார். இன்று அதையே சொட்டாகவோ மாத்திரையாகவோ நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கலாம். எந்த மகரந்தம் ஆகாது என்று தோல் சோதனையில் கண்டறிந்து, அதையே தினமும் சிறு அளவில் வாயின் சவ்வுக்குப் பழக்குவது. சவ்வுக்கு அடியில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி, ஐஜிஇயின் இடத்தில் வேறு எதிர்ப்புரதங்கள் வருகின்றன. தவறான குறிப்பு மெல்ல மாறுகிறது. நிபுணர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கூடாது. இன்ஹேலரை நிறுத்திவிட்டு எதையும் முயலக் கூடாது. அதுவரை கொதித்து ஆறிய உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் சொல்லும் மூக்கு ஸ்பிரேயும் தைரியமாகச் செய்யக்கூடியவை.

சிக்கல் காலம்தான். பலன் நிலைக்க மூன்று ஆண்டு, ஒரு நாளும் விடாமல், மூக்கு நன்றாக இருக்கும் மாதங்களிலும் சொட்டு விட வேண்டும். நெதர்லாந்தில் இப்படி வைத்தியம் தொடங்கியவர்களின் மருந்துக் கடைப் பதிவுகளை 2013-இல் ஆராய்ந்தபோது, நாக்கின் அடியில் மருந்து வைத்தவர்களில் மூன்று ஆண்டை முடித்தவர்கள் 7 விழுக்காடு. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 23. மற்றவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள்.